யோபுவின் சிநேகிதரும் நாமும்



சென்ற மாதம் நம்முடைய பங்கில் ஒரு வாலிபனை அடக்கஞ்செய்தோம். யார் வீட்டுப் பிள்ளையென்று இங்கே எழுதவேண்டியதில்லை. நீங்கள் எல்லோரும் பெட்டியின் பின்னே நடந்து வந்தீர்கள். தகப்பன் ஐந்து வருஷமாய்ப் பாரிசவாயுவினால் கட்டிலோடு கிடக்கிறார். வீட்டுக்குத் தூணாயிருந்த மூத்த மகன், கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து, மறுநாள் கோழி கூவுமுன் அவஸ்தைப்பூசுதல் பெற்று மரித்தான். அவனுடைய தாயையோ உங்களுக்குத் தெரியும். மழையென்றும் பனியென்றும் பாராமல் காலைப் பூசைக்கு வருகிறவள். பீடத்துக்குப் பூக்கட்டுகிறவள். தன் வீட்டில் கஞ்சிக்கே இழுபறியாயிருக்கையிலும், செவ்வாய்க்கிழமைதோறும் அர்ச். அந்தோனியார் உண்டியலில் ஏழைகளுக்கென்று காசு போடத் தவறாதவள்.

அடக்கமான மூன்றாம் நாள் அந்த வீட்டுக்குப் போனேன். அவள் அழவில்லை. என்னைக் கண்டதும் எழுந்து, முந்தானையை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:

“சாமி, அந்த நேர்ச்சைக்காகத்தானா?”

எனக்கு விளங்கவில்லை. விசாரித்தபோது சொன்னாள். பையனுக்கு மூன்று வயதில் விஷக்காய்ச்சல் கண்டு, பிழைப்பது சந்தேகமென்றிருந்த இரவில், வேளாங்கண்ணி மாதாவுக்கு நடந்தே வந்து முடி இறக்குவதாக நேர்ந்துகொண்டாளாம். காய்ச்சல் விட்டது. அந்த வருஷம் கையில் காசில்லை. அடுத்த வருஷம் இன்னொரு பிள்ளைப்பேறு. பிறகு இன்றைக்கு நாளைக்கு என்று போய், கணவனும் படுக்கையில் விழுந்தபின் நேர்ச்சை நின்றேபோயிற்று. இதையறிந்த உறவுக்காரி ஒருத்தி, பிணம் வீட்டிலிருக்கும்போதே, “மாதாவுக்குக் கடன் வைத்தால் சும்மா விடுவாளா?” என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டாள். இன்னொரு பக்கம், வேதத்தில் அவ்வளவு பற்றில்லாத ஒருவன், “கோயிலே கதியென்று கிடந்தாளே, என்னத்தைக் கண்டாள்?” என்றானாம்.

குருவானவராகிய நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “அம்மா, சர்வேசுரன் தமக்குப் பிரியமானவர்களைத்தானே சோதிக்கிறார்” என்றேன். பொய்யல்ல, ஆனால் நாவின் நுனியில் எப்போதும் தயாராயிருக்கிற வார்த்தை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, “அப்படியானால் என்மேல் அவ்வளவு பிரியம் வைக்கவேண்டாமென்று சொல்லுங்கள், சாமி” என்றாள். எனக்கு வாயடைத்துப்போயிற்று. சிலுவை அடையாளம் வரைந்து ஆசீர்வாதம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அன்றிரவு யோபாகமத்தைத் திறந்தேன். எத்தனையோ தடவை வாசித்த ஆகமந்தான். ஆனாலும் அந்த வீட்டிலிருந்து வந்து வாசித்தபோது வேறொரு புத்தகமாய்த் தோன்றிற்று.

யோபு நீதிமான் என்று வேதாகமம் முதல் வசனத்திலேயே சாட்சி சொல்லுகிறது. ஆகையால் அவன் ஏதோ மறைவாய்ச் செய்திருப்பான் என்று சந்தேகிக்க வாசிக்கிறவனுக்கு இடமே கிடையாது. 7 குமாரர், 3 குமாரத்திகள், 7,000 ஆடுகள், 3,000 ஒட்டகங்கள், 500 ஏர் மாடுகள், 500 கழுதைகள்: இவையெல்லாம் அவனுக்கு இருந்தன. ஒரே நாளில் எல்லாம் போயிற்று. பிள்ளைகள் பத்துப்பேரும் ஒரே வீடு இடிந்து மாண்டார்கள். பிறகு உள்ளங்கால் முதல் உச்சிவரைக்கும் புண். குப்பைமேட்டில் உட்கார்ந்து ஓட்டினால் சுரண்டிக்கொண்டிருந்தான். அப்போது எலிப்பாஸ், பல்தாத், சோப்பார் என்கிற மூன்று சிநேகிதர்கள் ஆறுதல் சொல்ல வந்தார்கள். வந்தவர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையிலே பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த மெய்யான உபகாரம் அதுதான். யோபு வாய்விட்டுப் புலம்பினவுடனே அவர்களும் வாயைத் திறந்தார்கள், காரியம் கெட்டது.

என்ன சொன்னார்கள்? குற்றமற்றவன் எவனாவது அழிந்ததுண்டோ என்று ஆரம்பித்தான் எலிப்பாஸ். பிள்ளைகளை இழந்த தகப்பன் முகத்துக்கு நேரே, அவர்கள் தங்கள் பாவத்துக்காகவே செத்திருக்கவேண்டும் என்று சாடை பேசினான் பல்தாத். உன் அக்கிரமத்துக்கு ஏற்றதிலும் குறைவாகத்தான் தண்டனை கிடைத்திருக்கிறது என்றான் சோப்பார். கடைசியில் எலிப்பாஸ் பொறுமையிழந்து, ஏழையின் வஸ்திரத்தை உரிந்தாய், விதவைகளை வெறுங்கையாய்த் துரத்தினாய் என்று, கண்ணால் காணாத பாவங்களை வரிசையாய்க் கற்பித்தான். கவனியுங்கள், இவர்கள் கெட்டவர்களல்ல. சர்வேசுரனுடைய நீதியைக் காப்பாற்றுகிறோமென்று நினைத்தார்கள். துன்பத்துக்குக் காரணம் பாவம். ஆகையால் துன்பப்படுகிறவன் பாவி. கணக்கு இவ்வளவு சுலபமாயிருந்தால் உலகத்தில் ஒழுங்கு இருக்கிறதென்று நமக்குத் திருப்தி. நமக்கு அந்தத் துன்பம் வராதென்கிற தைரியமும் கூட.

சர்வேசுரனோ கடைசியில் என்ன தீர்ப்புச் சொன்னார்? தம்மோடு வழக்காடி, தான் பிறந்த நாளையே சபித்த யோபுவின்மேலல்ல, தமக்காக வக்காலத்துப் பேசின சிநேகிதர்மேல் கோபங்கொண்டார். தம்மைக்குறித்து அவர்கள் பேசினது சரியல்லவென்றும், 7 காளைகளையும் 7 ஆட்டுக்கடாக்களையும் பலியிட்டு, யோபு தங்களுக்காக மன்றாடும்படி அவனிடம் போகவேண்டுமென்றும் கட்டளையிட்டார். அந்தப் பகுதியை வாசிக்கையில் எனக்கு வெட்கமாயிருந்தது. காலையிலே நான் உட்கார்ந்திருந்த நாற்காலி எலிப்பாஸின் நாற்காலி.

நம்முடைய ஆண்டவராகிய சேசுநாதர் இந்தச் சங்கதியில் இன்னும் தெளிவாய்ப் பேசினார். பிறவிக்குருடனைக் கண்ட சீஷர்கள், பாவஞ்செய்தது இவனா இவனைப் பெற்றவர்களா என்று கேட்டபோது, இவனுமல்ல, பெற்றவர்களுமல்ல என்று திருவுளம்பற்றினார். பலியிட்டுக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து வெட்டிப்போட்ட செய்தியை அவரிடம் கொண்டுவந்தபோது, மற்றவர்களைவிட அவர்கள் பெரும் பாவிகளென்று எண்ணவேண்டாமென்று மறுத்து, சிலோவே கோபுரம் விழுந்து செத்த 18 பேரையும் அதோடு சேர்த்துச் சொன்னார். கோபுரம் விழுந்து செத்தவர்கள்! நம்முடைய பையனும் சாரம் விழுந்துதான் செத்தான்.

2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் வேளாங்கண்ணிக் கடற்கரையில் நடந்ததை நம்மில் வயதுவந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கர்த்தர் பிறந்த திருநாளுக்கென்று மாதாவைத் தேடி வந்த யாத்திரிகர் எத்தனையோ பேரைச் சுனாமி அலை கொண்டுபோயிற்று. கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லையென்று அக்காலத்தில் எல்லோரும் பேசினோம். சர்வேசுரனுக்கு நன்றி சொல்லவேண்டியதுதான். ஆனால் அதைச் சொல்லும்போது, வெளியிலே நின்றவர்களும் அதே மாதாவின் பிள்ளைகள்தான் என்பதை மறந்துவிடலாகாது. நேர்ச்சை செலுத்தத் தவறினவர்களா அவர்கள்? செலுத்த வந்தவர்களல்லவா?

குடியினால் ஈரல் கெட்டவன், “எனக்கு ஏன் இந்தச் சோதனை?” என்றால், அது வேறு விஷயம், அவனுக்கு வேறொரு ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்லுவேன். ஆதித்தகப்பன் பாவத்தினால் துன்பமும் சாவும் உலகத்தில் பிரவேசித்தன என்பதும் விசுவாச சத்தியம். ஆனால் அந்தச் சத்தியத்திலிருந்து, இன்ன வீட்டில் இன்ன சாவு இன்ன பாவத்தினால் வந்தது என்று தீர்ப்பெழுத நம்மில் எவனுக்கும் அதிகாரமில்லை.

அப்படியானால் அந்தப் பையன் செத்தது ஏன்? சாரக்கயிறு நைந்திருந்தது; பார்க்கவேண்டியவர்கள் பார்க்கவில்லை. சர்வேசுரன் கயிற்றை அறுத்தாரென்று சொல்லாதிருங்கள். அவர் தின்மையை உண்டாக்குகிறவரல்ல. மனிதனுக்குச் சுயாதீனத்தைக் கொடுத்தார்; கயிற்றுக்குக் கயிற்றின் சுபாவத்தையும், தண்ணீருக்குத் தண்ணீரின் சுபாவத்தையும் கொடுத்தார். அவைகள் தங்கள் வழியே நடக்க உத்தரவு கொடுக்கிறார். இதைத்தான் வேதசாஸ்திரிகள், சித்தங்கொள்ளுவது வேறு, இடங்கொடுப்பது வேறு என்று பிரித்துச் சொல்லுகிறார்கள்.

“ஆனாலும் சாமி, அவர் தடுத்திருக்கலாமே?” என்று நீங்கள் கேட்பீர்கள். ஆம், தடுத்திருக்கலாம். சர்வ வல்லவருக்கு ஒரு கயிற்றைத் தாங்குவது பெரிதல்ல. இந்தக் கேள்வியைத் தந்திரமாய்த் தாண்டிப்போக நான் விரும்பவில்லை. தின்மையிலிருந்தே நன்மையை வருவிக்கத்தக்க வல்லமையும் நன்மைத்தனமும் அவருக்கு இராவிட்டால், எந்தத் தின்மைக்கும் அவர் இடங்கொடுக்கமாட்டார் என்பது அர்ச். அகுஸ்தீன் காலமுதல் திருச்சபை போதிக்கிற பதில். மெய்யான பதில், ஆனால் அந்த நன்மை இன்னதென்று நம் கையில் எழுதிக்கொடுக்கிற பதிலல்ல. பிதாப்பிதாவாகிய யாக்கோபின் குமாரன் சூசையைப் பாருங்கள். 17 வயதில் சகோதரராலே விற்கப்பட்டான். 30 வயதில் பாரவோனுக்கு முன்பாக நின்றான். ஏழு வருஷம் விளைச்சலும் இரண்டு வருஷம் பஞ்சமும் கழிந்தபிறகுதான் சகோதரரைத் தழுவி, உங்கள் உயிரைக் காக்கும்படி சர்வேசுரன்தான் என்னை உங்களுக்கு முன்னே அனுப்பினாரென்று சொல்ல அவனால் முடிந்தது. கணக்கிட்டால் 22 வருஷம். அந்த 22 வருஷமும் கிழவனாகிய யாக்கோபுக்கு இரத்தந்தோய்ந்த ஒரு சட்டையைத் தவிர வேறொரு விளக்கமும் கிடைக்கவில்லை. யாக்கோபு பாக்கியசாலி, சாகுமுன் மகனைக் கண்டான். சிலருக்கு இந்த உலகத்தில் 22 வருஷமும் போதாது.

இன்னொன்று. யோபாகமத்தின் துவக்கத்தில் பசாசு ஒரு கேள்வி கேட்கிறது: யோபு சும்மாவா சர்வேசுரனுக்குப் பயப்படுகிறான் என்று. வேலி அடைத்துக் காத்து, கைவைத்ததெல்லாம் பெருகச்செய்தால் யார்தான் கும்பிடமாட்டான் என்பது அதன் அர்த்தம். பசாசின் வாயிலிருந்து வந்தாலும் இது கூர்மையான கேள்வி. பூசை காண்கிறவன் வீட்டில் சாவில்லை, செபமாலை சொல்லுகிறவன் வயலில் பூச்சியில்லை என்று ஒரு விதி இருந்தால், கோயிலில் நிற்க இடமிராது. ஆனால் அது கோயிலாயிராது, கடையாயிருக்கும். சிநேகத்தைக் கூலி கொடுத்து வாங்கமுடியாது. பிள்ளைகள் கூலிக்காகவா நம்மை நேசிக்கிறார்கள்?

இதைக் கேட்டு வாழ்ந்துகாட்டின ஒருவருடைய திருநாள் வருகிற சனவரி 14-ந் தேதி பொங்கல் வேளையிலே வருகிறது. அர்ச். தேவசகாயத்தைச் சொல்லுகிறேன். 1712-ல் நட்டாலத்தில் பிறந்து, நீலகண்டன் என்ற பெயரோடு திருவிதாங்கூர் அரண்மனைச் சேவகத்தில் இருந்தவர். அவருடைய சரித்திரம் சொல்லுகிறபடி, ஒரு காலத்தில் அவருக்கு ஆடுமாடுகள் செத்தும் பயிர்பச்சை கெட்டும் நஷ்டத்தின்மேல் நஷ்டம் வந்தது. முகம் வாடித் திரிந்தவரை, டிலனாய் என்கிற வெள்ளைக்காரத் தளபதி கண்டு, காரணம் விசாரித்து, யோபுவின் கதையைச் சொன்னாராம். சொன்னவர் யாரென்று நினைக்கிறீர்கள்? 1741-ல் குளச்சல் சண்டையில் தோற்று, மார்த்தாண்ட வர்மா மகாராசாவிடம் சிறைப்பட்ட டச்சுச் சேனைத்தலைவர். தோற்றவர், சிறைப்பட்டவர், சொந்த ஊரை மறுபடி காணாமல் 1777-ல் இந்த மண்ணிலேயே மரித்தவர். யோபுவின் கதையைப் பட்டவன் சொன்னால் அதற்கு ஒரு ருசி இருக்கிறது.

நீலகண்டன் 1745-ம் வருஷம் மே மாதம் வடக்கன்குளத்தில் சேசுசபைக் குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று இட்டார்கள். சர்வேசுரனுடைய உதவி என்பது அர்த்தம். சரி, உதவி வந்ததா? மாடுகள் திரும்பினவா? எல்லா மனிதரும் சமமென்று சாதி பாராமல் போதித்துப் பழகினதினால் பெரியவர்களுடைய பகையைச் சம்பாதித்து, 1749-ல் பிடிபட்டார். ஏறக்குறைய மூன்று வருஷம் விலங்கும் அடியும் அவமானமுமாய்க் கிடந்து, 1752-ம் வருஷம் சனவரி 14-ந் தேதி ஆரல்வாய்மொழிக் காட்டாடி மலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். கோட்டாற்றுச் சவேரியார் கோயிலில் அவரைப் புதைத்த இடத்தை உங்களில் அநேகர் முத்திசெய்திருக்கிறீர்கள். 2022-ம் வருஷம் மே 15-ந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் உரோமாபுரியில் அவருக்கு அர்ச்சியசிஷ்டப் பட்டம் கொடுத்தார். ஆனால் அந்த மே மாதத்துக்கும் அந்த சனவரி இரவுக்கும் இடையே 270 வருஷம். மலையின்மேல் துப்பாக்கிக்கு முன்பாக நின்றவருக்குப் பட்டமும் தெரியாது, திருநாளும் தெரியாது. அவர் கேட்ட கதையின் முடிவில் யோபுவுக்கு ஆடுமாடு இரட்டிப்பாய்க் கிடைத்தது. அவருக்கோ இவ்வுலகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்தும் விட்டு ஓடவில்லை. பசாசு கேட்ட கேள்விக்கு, சும்மாதான் நேசிக்கிறேன் என்று தம்முடைய இரத்தத்தினால் பதில் எழுதினார்.

இரட்டிப்பு என்றேனே, அதில் ஒரு நுட்பமிருக்கிறது. அந்தத் தாயிடம் நான் முதல் நாளே சொல்லியிருக்கவேண்டியது இதுதான். 7,000 ஆடு 14,000 ஆயிற்று. 3,000 ஒட்டகம் 6,000 ஆயிற்று. ஏர்களும் கழுதைகளும் ஆயிரமாயிரமாயின. பிள்ளைகள் மாத்திரம் முன்போலவே 7 குமாரரும் 3 குமாரத்திகளும். ஏன் 14-ம் 6-ம் ஆகவில்லை? திருச்சபையின் பழைய வியாக்கியானிகள் இதைக் கவனித்து விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். செத்த மாடு போனது போனதே. மரித்த பிள்ளைகளோ யோபுவுக்கு இல்லாமற்போகவில்லை. சர்வேசுரனிடத்தில் பத்துப்பேர், பூமியில் பத்துப்பேர், இரட்டிப்பு சரியாய்ப்போயிற்று. யோபாகமத்துக்கு 35 புத்தகங்களில் விளக்கம் எழுதின பெரிய அர்ச். கிரகோரியாரும் ஓயாத வயிற்றுநோய்க்காரர்தான். அடிபட்ட யோபுவை அடிபட்ட தாமே விளக்கும்படி சர்வேசுரன் ஏற்பாடு செய்திருக்கலாமென்று தம்முடைய சிநேகிதருக்கு எழுதினார்.

யோபுவுக்கும் கிடைக்காத ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. சர்வேசுரன் பெருங்காற்றிலிருந்து யோபுவோடு பேசினார். குப்பைமேட்டில் இறங்கி அவன் பக்கத்தில் உட்காரவில்லை. நமக்கு உட்கார்ந்தார். மாசற்றவராகிய சேசுநாதர் சிலுவையில் தொங்கினபோது, எலிப்பாஸின் சந்ததி கீழே நின்று, சர்வேசுரன் இவன்மேல் பிரியமாயிருந்தால் இப்போது மீட்கட்டும் என்று பழித்தது. அவரும், ஏன் என்னைக் கைவிட்டீரென்று தம்முடைய பிதாவை நோக்கி அபயமிட்டார். ஏன் என்று கேட்பது பாவமென்று இனி என் பங்கில் ஒருவரும் சொல்லவேண்டாம்.

சென்ற வாரம் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனேன். அரைமணி நேரம் ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அவள் கொடுத்த கடுங்காப்பியைக் குடித்தேன். பிறகு நேர்ச்சையைப்பற்றிப் பேசினேன். மாதா வட்டிக்கடைக்காரியல்ல, தன் மகனைத் துக்கத்தோடு மடியில் ஏந்தினவள், இன்னொருத்தியின் மகனைக் கடனுக்குப் பிடித்துக்கொண்டு போவாளா? கூடாத காரியத்துக்கு எந்த நேர்ச்சையும் ஒருவனைக் கட்டாது. அன்றியும், தனிப்பட்ட நேர்ச்சையினின்று தக்க முகாந்தரத்தோடு விடுதலை கொடுக்கப் பங்குக் குருவானவருக்குத் திருச்சபைச் சட்டமே அதிகாரம் கொடுத்திருக்கிறது. இதைச் சொல்லி, அங்கேயே அவளை விடுவித்தேன். இப்படிப் பழைய நேர்ச்சைகளை நெஞ்சில் பாறாங்கல்லாய்ச் சுமந்துகொண்டு பயந்திருக்கிறவர்கள் வேறு யாரிருந்தாலும், சனிக்கிழமை பாவசங்கீர்த்தன நேரத்தில் என்னிடம் வாருங்கள்.

அவள் கொஞ்சநேரம் படுக்கையிலிருக்கும் கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “கடன் இல்லையென்றால், சாமி, சும்மா ஒருதரம் மாதாவைப் பார்த்துவிட்டு வரலாமா?” என்று கேட்டாள். அவள் போய்வருகிற நாட்களில் அந்த வீட்டில் கணவனுக்குத் துணையிருக்க இரண்டுபேர் வேண்டும். மனமுள்ளவர்கள் சங்கீர்த்தியில் பேர் கொடுங்கள்.

பையனுடைய முப்பதாம் நாள் பூசை வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு. பூசைக்குப்பின் கல்லறை மந்திரிப்பு. அங்கிருந்து வீட்டுக்குப் போகிறவர்கள் போகலாம், போய் உட்காருங்கள். அன்று அவளிடம் அந்த வார்த்தை சொன்ன உறவுக்காரியும் வரவேண்டுமென்று ஆசைப்படுகிறேன். அவளுக்கு நான் தனியாய்ச் சொல்லியனுப்பியிருக்கிறேன்.